காலத்தைச் சுமக்கும் ‘டூ’

‘ஹௌ டூ யூ டூ?’ என்ற முகமன் கேள்வியில் ஒரே வினை இரண்டு முறை வருகிறது. கடைசியில் நிற்கும் ‘டூ’வுக்குப் பொருள் உண்டு. ‘உங்க பாடு எப்படிப் போகுது?’ என்று நாம் கேட்பதைப் போல, வாழ்க்கை நடந்துகொண்டிருப்பதை அது குறிக்கிறது. நடுவில் நிற்கும் ‘டூ’வுக்குப் பொருளே கிடையாது. தமிழில் சொல்லும்போது அதற்கு ஈடாக ஒரு சொல்லையும் எடுத்துக் காட்ட முடியாது. ஆனால் அதை நீக்கிவிட்டால் இன்றைய ஆங்கிலத்தில் அந்தக் கேள்வி நிற்காது.

‘டூ என்றால் செய்’ என்றுதான் நமக்குக் கற்பிக்கப்படுகிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் தமிழ் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று எழுதாத வகுப்பறை நம் ஊரில் இருக்குமா என்பது சந்தேகம். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிடுகிறோம். அந்தப் பிழைக்கு மாணவரைவிடப் பாடமே பொறுப்பு என்பது என் எண்ணம். ‘டூ’ எப்படித் தன் பொருளை இழந்தது, இழந்தபின் என்ன வேலையை ஏற்றது என்ற கதை தெரிந்தால், தமிழ் பேசுபவருக்கு அது அந்நியமாகவே தோன்றாது.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூதாதையில் இச்சொல்லின் வேருக்கு ‘வை’, ‘இடு’, ‘நிலைநிறுத்து’ என்பவையே பொருள். ‘செய்’ என்பது பின்னால் வந்தது. அதே வேர் வடமொழியில் வைத்தலைக் குறிக்கும் ‘தா’ ஆனது. கொடுத்தலைக் குறிக்கும் ‘தா’ வேறு வேர். கிரேக்கத்திலிருந்து வந்த ‘தீசிஸ்’, ‘தீம்’, இலத்தீன் வழியாக வந்த ‘ஃபேக்ட்’ எல்லாம் இந்த வேரின் கிளைகளே. அவ்வளவு ஏன், தமிழில் அன்றாடம் புழங்கும் வடசொற்கள் சிலவும் இதே குடும்பம்தான். பாதுகாத்து வைக்கப்பட்டது நிதி. வகுத்து வைக்கப்பட்டது விதி. சேர்த்து வைக்கப்பட்டது சந்தி. மனத்தை ஒருங்கே நிறுத்துவது சமாதி. இவற்றில் விதி என்ற சொல்லிடம் சற்று நிற்க வேண்டும். ‘டூ’வுக்கு உடன்பிறப்பாக ஆங்கிலத்தில் ‘டூம்’ என்றொரு சொல் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சட்டம், தீர்ப்பு என்று பொருள். வகுத்து வைக்கப்பட்ட நெறி என்ற அந்தப் பொருளிலிருந்து அது தலையெழுத்து, அழிவு என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ‘விதி’யும் ஒழுங்குமுறையில் தொடங்கித் தலைவிதியில் முடிந்த சொல்தான். ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்கள், ஒன்றை ஒன்று பார்க்காமலேயே, ஒரே பாதையில் நடந்திருக்கின்றன.

‘வைத்தல்’ என்ற பழம்பொருளின் எச்சங்கள் ஆங்கிலத்தில் இன்னும் உண்டு. ஆடை அணிவதைக் குறிக்கும் ‘டான்’ என்ற வினை ‘டூ ஆன்’ என்பதன் சுருக்கம். தொப்பியைக் கழற்றுவதைக் குறிக்கும் ‘டாஃப்’, ‘டூ ஆஃப்’ என்பதன் சுருக்கம். மேலே வைத்தால் அணிவது, அப்பால் வைத்தால் கழற்றுவது. ஷேக்ஸ்பியரின் நாடகத் தலைப்பால் உலகறிந்த ‘அடூ’ என்ற சொல், வட இங்கிலாந்தில் ‘செய்ய’ என்ற எச்ச வடிவமாக வழங்கிய ‘அட் டூ’ ஒட்டிப் பிறந்தது. செய்ய வேண்டிய வேலை, அதனால் வரும் பரபரப்பு, கடைசியில் வெற்று ஆரவாரம் என்று அதன் பொருள் நகர்ந்தது. பிரெஞ்சில் ‘செய்ய’ என்பதிலிருந்து ‘அஃபேர்’ பிறந்ததும் இதே முறையில்தான்.

இன்னொரு எச்சம் இன்னும் வியப்பானது. ஆங்கிலத்தில் இறந்தகாலத்தைக் காட்டும் ‘-எட்’ விகுதியே ஒருகாலத்தில் ‘டிட்’ என்ற தனி வினையாக இருந்து, முதன்மை வினையோடு ஒட்டித் தேய்ந்தது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். இக்கருத்து சரியானால், ‘வாக்ட்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ‘நட-செய்தான்’ என்றுதான் ஆங்கிலேயர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வினைக்குக் காலம் ஏற்றும் வேலை ‘டூ’வுக்குப் புதிதல்ல.

பொருளுள்ள ‘டூ’வைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தனக்கென்று இருக்கும் கொஞ்சம் பொருளையும் அது எதிரில் வரும் பெயர்ச்சொல்லிடம் ஒப்படைத்துவிடும். பாத்திரங்களோடு சேர்ந்தால் கழுவுவது, தலைமுடியோடு சேர்ந்தால் வாருவது, கணக்கோடு சேர்ந்தால் பார்ப்பது, ‘டைம்’ என்பதோடு சேர்ந்தால் சிறையில் கிடப்பது, நகரத்தின் பெயரோடு சேர்ந்தால் சுற்றிப் பார்ப்பது. ‘தட் வில் டூ’ என்றால் போதும் என்று பொருள். ‘மேக்’ என்ற வினையிலிருந்து இதைப் பிரிக்க ஆசிரியர்கள் ஒரு விதி சொல்வார்கள்: செயலின் முடிவில் ஒரு பொருள் உருவானால் ‘மேக்’, செயல் மட்டுமே நிகழ்ந்தால் ‘டூ’. இது ஓரளவுக்குத்தான் உதவும். பிழையை ‘மேக்’ பண்ண வேண்டும், சேதத்தை ‘டூ’ பண்ண வேண்டும் என்பதற்கு எந்த விதியும் விளக்கம் தராது. இரண்டையும் ‘பண்ணு’ என்றே சொல்லிப் பழகிய நாம் இவற்றைச் சேர்க்கை சேர்க்கையாக மனப்பாடம் செய்வது தவிர வேறு வழியில்லை.

இனி, பொருள் தேய்ந்த கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் ‘டூ’ பிறவினைப் பொருளில் வழங்கியது. ஒருவரைக்கொண்டு ஒன்றைச் செய்விப்பது அந்தப் பொருள். 1400இல் இறந்த சாசரின் எழுத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். தமிழில் ‘படிக்க வைத்தான்’, ‘அழ வைத்தான்’ என்று சொல்லும்போது ‘வை’ என்ற வினை பிறவினையை உண்டாக்குகிறது அல்லவா? ‘வைத்தல்’ பொருளில் பிறந்த ‘டூ’வும் அதே பணிக்கு வந்து சேர்ந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் மனித மனம் ஒரு பாதையை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு இப்படிப்பட்ட தற்செயல்கள் சாட்சி.

பிறவினைப் பொருளிலிருந்து வெற்றுத் துணைவினைக்கு எப்படித் தாவியது? சுவீடன் மொழியியலாளர் ஆல்வார் எல்லெகோர்ட் 1953இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இத்துறையின் அடித்தளம். அவர் தந்த விளக்கத்தை நம் ஊர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ‘ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டினான்’ என்கிறோம். அவன் கல் சுமக்கவில்லை, கட்டுவித்தான். ஆனால் கட்டினான், கட்டுவித்தான் இரண்டும் இங்கே ஒரே செய்தியைத்தான் தருகின்றன. இடைக்கால ஆங்கிலத்தில் ‘அரசன் டிட் பில்ட்’ என்ற தொடரை ஒருவர் ‘கட்டுவித்தான்’ என்று சொல்ல, கேட்டவர் ‘கட்டினான்’ என்றே கொள்ளலாம். இப்படிக் கொண்டவர்களின் தொகை பெருகியபோது ‘டிட்’ வெறும் இறந்தகால அடையாளமாக எஞ்சியது. தென்மேற்கு இங்கிலாந்தின் செய்யுள்களில் இவ்வழக்கு முதலில் தலைகாட்டியது. சீரை நிரப்பவும், வினையடியை அடியின் ஈற்றுக்குத் தள்ளி இயைபு பிடிக்கவும் கவிஞர்களுக்கு அது கைகொடுத்தது. பிறவினை வேலையை ‘மேக்’ எடுத்துக்கொண்டது.

பதினாறாம் நூற்றாண்டின் ஆங்கிலத்தைப் படிப்பவருக்கு ஒரு குழப்பம் காத்திருக்கும். ‘ஐ நோ நாட்’, ‘ஐ டூ நாட் நோ’ இரண்டும் உண்டு. ‘நோ யூ?’, ‘டூ யூ நோ?’ இரண்டும் உண்டு. அழுத்தம் எதுவும் இல்லாமலே ‘ஐ கோ’, ‘ஐ டூ கோ’ இரண்டும் உண்டு. எல்லெகோர்ட்டின் கணக்கில் இந்த வகைகள் எல்லாவற்றிலும் ‘டூ’ ஏறிக்கொண்டே போகிறது. எதிர்மறைக் கேள்விகளில் மிக முந்துகிறது. சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் மிகப் பின்தங்குகிறது. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி, உடன்பாட்டில் அது ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தை நெருங்கி, பிறகு சரிகிறது. கேள்வியிலும் எதிர்மறையிலும் மட்டும் ஏற்றம் தொடர்ந்து, ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில் கட்டாய விதியாகிவிடுகிறது. அமெரிக்க மொழியியலாளர் ஆண்டனி க்ரோக் 1989இல் இதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தார். வெவ்வேறு வகை வாக்கியங்களில் ‘டூ’வின் அளவு வேறுபட்டாலும், அது ஏறிய வேகம் ஒன்றே என்று காட்டினார். தனித்தனி வழக்குகள் பல தனித்தனியே மாறவில்லை. அடியில் ஒரே இலக்கண மாற்றம் நடந்துகொண்டிருந்தது என்பது அதன் உட்பொருள். எண்களிலிருந்து மொழியின் உள்கட்டமைப்பை வாசித்த ஆய்வுகளில் இதற்கு இணையானவை குறைவு.

அடியில் நடந்த அந்த மாற்றம் என்ன? முந்தைய ஆங்கிலத்தில் வினை இடம்பெயரக்கூடியது. கேள்வியில் எழுவாய்க்கு முன்னால் குதிக்கும். எதிர்மறையில் ‘நாட்’டுக்கு முன்னால் போய் நிற்கும். பிரெஞ்சு, ஜெர்மன் வினைகள் இன்றும் அப்படித்தான். ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் உதிர்ந்துபோன பிறகு, யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதைச் சொற்களின் வரிசை ஒன்றே காட்ட வேண்டியதாயிற்று. ‘பார்த்ததா பூனை நாய்?’ என்பது போல வினை முன்னே குதித்தால், பின்னால் வரும் இரண்டு பெயர்களில் எது எழுவாய்? ‘டூ’வை முன்னால் நிறுத்திவிட்டால் மற்றவை தத்தம் இடத்திலேயே இருக்கும். செயப்படுபொருள் உள்ள கேள்விகளில் ‘டூ’ முந்திப் பரவியதற்கு இது பொருத்தமான காரணமாகவே படுகிறது.

உடன்பாட்டு ‘டூ’ எல்லா இடத்திலும் சாகவில்லை. 1611இன் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் ‘உண்டான்’ என்ற இடங்களில் ‘டிட் ஈட்’ திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நடையின் மாட்சியில் அதற்கும் பங்குண்டு. 1711இல் அலெக்சாண்டர் போப், செய்யுளில் ‘டூ’வை வெறும் அசைநிறைப்பாகப் போடுவதைக் கடிந்தார். கடியும் அடியிலேயே ஒரு ‘டூ’வைப் போட்டு அதன் சோர்வைக் காட்டினார். 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி அதைக் குறையுள்ள வழக்கு என்று ஒதுக்கியது. சட்டமொழி இருவருக்கும் செவிசாய்க்கவில்லை. 1787இன் அமெரிக்க அரசமைப்பின் முகப்புரையிலும், அங்கே குடியரசுத் தலைவர் ஏற்கும் உறுதிமொழியிலும் ‘டூ’ இருக்கிறது. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட நம் அரசமைப்பின் ஆங்கில முகப்புரையிலும் ‘வி, த பீப்பிள்’ என்ற எழுவாய், நீண்ட தொடர்களைக் கடந்து, ‘டூ’ என்ற வினையில் வந்து இணைகிறது. மூன்றாம் அட்டவணையின் உறுதிமொழிகளிலும் அதே ‘டூ’. அமைச்சர்கள் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்று தமிழில் சொல்லும்போது தனிச் சொல்லாக எதுவும் தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்திலோ, பதினாறாம் நூற்றாண்டின் ஒரு துண்டு இன்னமும் பதவியேற்று வருகிறது.

புதிய வழக்கை நெடுநாள் எதிர்த்த வினைகளும் உண்டு. ‘நோ’, ‘டவுட்’, ‘கேர்’, ‘ஃபியர்’ போன்றவை எதிர்மறையில் ‘டூ’வை எளிதில் ஏற்கவில்லை. பிற வினைகள் மாறிய பிறகும் ‘ஐ நோ நாட்’ நின்றது. இது எனக்கு நம் ‘அறியேன்’ என்ற வடிவத்தை நினைவூட்டுகிறது. உண்ணேன், வாரேன், அறியேன் என்று வினைக்குள்ளேயே மறுப்பை வைத்திருந்தது பழந்தமிழ். இன்று ‘உண்ணவில்லை’, ‘வரவில்லை’ என்கிறோம். அதாவது முதன்மை வினையைக் காலம் காட்டாத எச்சமாக்கிவிட்டு, மறுப்பை இன்னொரு சொல்லிடம் கொடுத்திருக்கிறோம். ‘ஐ நோ நாட்’ போய் ‘ஐ டூ நாட் நோ’ வந்ததும் இதே திசையில் நடந்த பயணம்தான்.

‘டூ’வின் பிறப்பில் கெல்டிய மொழிகளுக்குப் பங்குண்டா என்பது நெடுநாள் வழக்கு. வேல்சு மொழியிலும் கார்ன்வாலின் பழைய மொழியிலும் ‘செய்’ என்ற வினையைத் துணையாகக் கொண்டு வாக்கியம் அமைப்பது இயல்பு. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுள்ள ஜெர்மானிய மொழிகளிலோ கேள்விக்கும் மறுப்புக்கும் இப்படி ஒரு கட்டாயம் இல்லை. எனவே அண்டை வீட்டிலிருந்து வந்தது என்று மொழியியலாளர் ஜான் மெக்வோர்ட்டர் 2008இல் பொது வாசகர்களுக்காக எழுதிய நூலில் உரக்க வாதிட்டார். எழுத்தில் ‘டூ’ தோன்றியது கெல்டியரும் ஆங்கிலேயரும் கலந்து பல நூற்றாண்டுகள் கழித்து என்பது எதிர்த்தரப்பின் வாதம். அடித்தட்டு மக்களின் பேச்சு ஏட்டில் ஏற அவ்வளவு காலம் பிடிக்கும் என்பது பதில். தென்மேற்கில்தான் ‘டூ’ முதலில் தென்படுகிறது என்பதையும், டார்செட் வட்டாரப் பேச்சில் வழக்கமாக நடப்பதைச் சொல்ல அழுத்தமற்ற ‘டூ’ நெடுங்காலம் வாழ்ந்தது என்பதையும் தள்ளிவிட முடியாது. வில்லியம் பார்ன்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பேச்சுக்கு இலக்கணம் எழுதி, அதிலேயே கவிதையும் எழுதினார். ஆயினும் கெல்டிய விளக்கம் ‘டூ’ இருந்ததைச் சொல்லுமே தவிர, அது கேள்விக்கும் மறுப்புக்கும் மட்டும் ஒதுங்கியதைச் சொல்லாது. வட இத்தாலியின் மலைப்பகுதியில் மோன்னோ என்ற ஊரின் பேச்சுமொழியில், கேள்வி கேட்க ‘செய்’ என்ற பொருளுடைய ‘ஃபா’ துணையாக வருகிறது. பாவோலா பெனின்கா, செசிலியா போலெட்டோ இருவரும் 2004இல் அதை ஆராய்ந்து எழுதினார்கள். வெளியார் உதவி இல்லாமலும் ஒரு மொழி இந்த இடத்துக்கு வரக்கூடும் என்பதற்கு அந்தச் சிற்றூர் போதும்.

நோம் சாம்ஸ்கி 1957இல் வெளியிட்ட சிறுநூலில் ‘டூ’வுக்கு ஒரு நேர்த்தியான விளக்கம் கிடைத்தது. ஆங்கில வாக்கியத்தில் காலம் காட்டும் உருபு ஒரு வினையின்மேல் ஏறியாக வேண்டும். இடையில் ‘நாட்’ புகுந்தாலோ, கேள்விக்காக அந்த உருபு எழுவாயைத் தாண்டி முன்னே போனாலோ, வினை ஒரு பக்கமும் உருபு ஒரு பக்கமும் ஆகிவிடும். அப்போது அந்த உருபை இறக்கி வைக்கச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லாக ‘டூ’ வந்து நிற்கிறது. ‘டஸ்’, ‘டிட்’ என்ற மாற்றமெல்லாம் அந்தச் சுமையின் அடையாளம். சுமை அங்கே இறங்கிவிட்டதால் முதன்மை வினை வெறுங்கையோடு நிற்கும்: ‘டிட் நாட் கோ’. ‘வென்ட்’ என்று எழுதும் மாணவர் ஒரே காலத்தை இரண்டு இடத்தில் ஏற்றிவிடுகிறார்.

தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து உட்கார வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் தமிழில் இதே வேலையை ‘செய்’ பார்க்கிறது. ‘வந்தான்’ என்ற வினையை ‘தான்’ போட்டு அழுத்திச் சொல்ல வேண்டுமானால் என்ன சொல்கிறோம்? ‘வரத்தான் செய்தான்.’ ‘வலிக்கத்தான் செய்கிறது.’ ‘திட்டவும் செய்தாள், சோறும் போட்டாள்.’ வினையடிக்கும் காலத்துக்கும் நடுவே ‘தான்’ அல்லது ‘உம்’ புகுந்ததும், காலமும் விகுதியும் ஏற இடமில்லாமல் நிற்கின்றன. உடனே ‘செய்’ வந்து அவற்றை வாங்கிக்கொள்கிறது. வரத்தான் செய்தான் என்பதில் ‘செய்’ எந்தச் செயலையும் குறிக்கவில்லை. வலிப்பது யாரும் செய்யும் காரியமே அல்ல. ‘ஹி டிட் கம்’ என்ற வாக்கியத்துக்கு இதைவிட நெருக்கமான தமிழ் கிடையாது. ‘வந்தத்தான் செய்தான்’ என்று தமிழ்க் குழந்தை எதுவும் சொன்னதில்லை. ‘டிட் வென்ட்’ ஏன் தவறு என்பதைச் சொல்லித்தர இந்த ஒரு வாக்கியமே போதுமானது. எந்தப் பாடநூலிலும் நான் அதைக் காணாதது வருத்தம் தருகிறது.

பேச்சுத்தமிழில் ‘பண்ணு’ இதன் இன்னொரு முகம். ‘ட்ரை பண்றேன்’, ‘கேன்சல் பண்ணிட்டாங்க’ என்று ஆங்கில வினைகள் விகுதி ஏற்காமல் வருகின்றன. காலத்தையும் இடத்தையும் ‘பண்ணு’ சுமக்கிறது. இந்தியில் ‘கர்னா’, ஜப்பானியத்தில் ‘சுரு’ என்று பல மொழிகள் அயல்வினைகளை இப்படித்தான் வீட்டுக்குள் விடுகின்றன. யாழை இசைக்கு ஆயத்தம் செய்வதைப் ‘பண்ணல்’ என்று சொன்ன காலத்திலிருந்து அந்த வினை வெகுதூரம் வந்துவிட்டது.

பொருள் குறைந்த வினையே எல்லா வினைக்கும் பதிலாக நிற்க முடியும் என்பதை நம் இலக்கணிகள் முன்பே கண்டிருந்தார்கள். வினையெச்சங்களைத் தொல்காப்பியம் ‘செய்து’, ‘செய’ என்ற வாய்பாடுகளால் குறிக்கிறது. ‘செய்து என்னும் எச்சம்’ என்றால் வந்து, போய், உண்டு எல்லாம் அதில் அடங்கும். அரபு இலக்கணிகளும் வினை வடிவங்களின் அச்சாக ‘செய்தான்’ என்று பொருள்படும் ‘ஃபஅல’வையே கொண்டார்கள். ஆங்கிலம் அதையே பேச்சு வழக்கில் செய்கிறது. ‘ஷி சிங்ஸ் பெட்டர் தேன் ஐ டூ’ என்பதில் ‘டூ’ பாடுவதற்குப் பதிலாள். திரைப்படத் திருமணங்களில் கேட்கும் ‘ஐ டூ’வும் அதுவே, கேள்வி ‘டூ யூ டேக்’ என்று தொடங்குவதால் பதில் அப்படி அமைகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு வழிபாட்டு நூலில் கேள்வி ‘வில்ட் தௌ’ என்று தொடங்கும். மணமக்களின் பதில் ‘ஐ வில்’.

‘டூ’வின் விரிவு இன்னும் முடியவில்லை. ‘ஹேவ் யூ எனி சில்ட்ரன்?’ என்று கேட்பது பிரிட்டனில் இயல்பாக இருந்தது. அமெரிக்க வழக்கான ‘டூ யூ ஹேவ்’ அங்கேயும் அதைப் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது. ‘யூஸ்ட் டூ’ என்ற தொடருக்கு முன்னும் ‘டிட்’ வரத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. எதிர்த்து நிற்பது ‘பி’ என்ற வினை. ‘டூ யூ பி’ என்று பொது ஆங்கிலத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால் அயர்லாந்தின் பேச்சில் வழக்கமாக நிகழ்வதைச் சொல்ல ‘டூ பி’ உண்டு. ஏவலில் ‘டோன்ட் பி லேட்’ என்பதைத் தவிர எல்லோருக்கும் வேறு வழியில்லை. ‘ஒய் டோன்ட் யூ பி த ஜட்ஜ்?’ என்று யோசனை சொல்லும் கேள்விகளிலும் இப்போது அது தாராளமாக நுழைந்திருக்கிறது.